கோடை விடுமுறை நீளமா, பெற்றோரின் விடுப்பு குட்டையா?

வாசகர் கேள்வி, 18 ஏப்ரல் 2025

ஒன்று முதல் ஐந்து வரை படிக்கிற பிள்ளைகளுக்கு நேற்றோடு தேர்வு முடிந்தது. இனி ஜூன் வரை வீடுதான். ஒன்றரை மாதம்! நானும் மனைவியும் காலை எட்டு மணிக்குக் கிளம்பினால் இரவு ஏழுக்குத்தான் திரும்புகிறோம். அந்தக் காலத்தில் கூட்டுக் குடும்பம் இருந்தது, நீண்ட விடுமுறையும் இருந்தது. முன்னது போய்விட்டது, பின்னது மட்டும் அசையாமல் நிற்கிறது. மே மாதம் மட்டும் விடுமுறை என்று வைத்தால் போதாதா? மற்றவர்கள் என்ன செய்கிறீர்கள்?

(தாராபுரத்திலிருந்து ஒரு தகப்பன்)

18 ஏப்ரல், இரவு

போதாது. குறைக்கவும் கூடாது. இத்தனைக்கும் நான் உங்கள் கட்சி, வேலைக்குப் போகிற கட்சி. திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் கணக்குப் பிரிவு எனக்கு. கணவர் வேறொரு கம்பெனியில் கட்டிங் மாஸ்டர். பெரியவன் ஏழாம் வகுப்பு, சின்னவள் மூன்றாம் வகுப்பு, இருவரும் அரசு நடுநிலைப் பள்ளியில். சின்னவளுக்கு உங்கள் பிள்ளையைப் போலவே நேற்றோடு முடிந்தது. பெரியவனுக்கு 24ஆம் தேதி வரை தேர்வு. ஆக, இந்த ஒரு வாரம் ஒருத்தி வீட்டில், ஒருவன் பள்ளியில். எது வசதி என்று கேட்காதீர்கள்.

கணக்குப் பிரிவில் இருப்பவள் என்பதால் கணக்காகவே சொல்கிறேன். இந்த 2025 ஏப்ரலில் நடப்பில் உள்ள தொழிற்சாலைச் சட்டப்படி ஒருவர் ஆண்டில் 240 நாள் வேலை செய்திருந்தால், 20 நாளுக்கு ஒரு நாள் என்று அடுத்த ஆண்டில் சம்பளத்தோடு விடுப்பு. 240ஐ 20ஆல் வகுத்தால் 12. பிள்ளைக்கு நாற்பதுக்கு மேல். அப்பாவும் அம்மாவும் ஒரே நாளில் எடுக்காமல் மாற்றி மாற்றி எடுத்தாலும் பாதிதான் நிரம்பும். காய்ச்சல், கல்யாணம், காது குத்து எதுவும் அந்த ஆண்டு வரக் கூடாது. இது சட்டத்தில் உள்ளபடி. பீஸ் ரேட்டில் தைப்பவருக்கு விடுப்பு என்றால் அன்றைக்குக் கூலி இல்லை, அவ்வளவுதான்.

நாற்பதுக்கும் பன்னிரண்டுக்கும் இடையில் ஒரு பள்ளம் இருக்கிறது என்றால், நீங்கள் நாற்பதைக் குறைக்கச் சொல்கிறீர்கள். பன்னிரண்டைப் பற்றி யாரும் பேசுவதில்லை.

19 ஏப்ரல்

"பெண்கள் வேலைக்குப் போகாமல் இருந்தால் இந்தக் கேள்வியே வராது" என்று மேலே ஒருவர் எழுதியிருக்கிறார். ஐயா, நீங்கள் அணிந்திருக்கும் பனியனை அப்படியே கழற்றி உட்புறத் தையலைப் பாருங்கள். அதை ஓட்டியது பெரும்பாலும் ஓர் அம்மாவாகத்தான் இருக்கும். அவர் வீட்டில் இருந்திருந்தால் பிரச்சினை உங்களுக்கு வேறு வடிவில் வந்திருக்கும்.

21 ஏப்ரல்

வெயிலைப் பற்றி மூன்று பேர் எழுதிவிட்டார்கள். மூவரும் சொல்வது ஒன்றே: விடுமுறை இருப்பது வெயிலால், குடும்ப வசதிக்காக அல்ல. உண்மை. 2023இல் ஜூன் முதல் வாரத்தில் திறப்பதாக அறிவித்தார்கள். வெயில் அடங்கவில்லை. 7ஆம் தேதிக்குத் தள்ளினார்கள், பிறகு மறுபடியும் தள்ளி, ஆறாம் வகுப்புக்கு மேல் ஜூன் 12, சின்ன வகுப்புகளுக்கு ஜூன் 14. சென்ற ஆண்டும் ஜூன் 6 என்றது ஜூன் 10 ஆயிற்று. ஒவ்வொரு முறை தள்ளும்போதும் எங்கள் கம்பெனி செக்கிங் பிரிவில் கைப்பேசியும் கையுமாக ஒரு பெருமூச்சு எழும். "இன்னும் ஒரு வாரம் யாரிடம் விடுவது?"

ஆனால் இந்த வெயில் வாதத்தில் ஓட்டை ஒன்று இருக்கிறது. பிள்ளை வெயிலில் வாடக் கூடாது என்று பள்ளியை மூடுகிறோம். சரி. மூடிய பிறகு பிள்ளை எங்கே இருக்கிறது?

திருப்பூரில் லைன் வீடுகளைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். ஒரே சுவரைப் பகிர்ந்துகொண்டு வரிசையாக ஆறேழு வீடுகள். ஓர் அறை, அதிலேயே தடுத்து ஒரு சமையல் மூலை. மேலே ஆஸ்பெஸ்டாஸ் கூரை. ஜன்னல் இருந்தால் அது சந்துப் பக்கம். மதியம் இரண்டு மணிக்கு அந்தக் கூரைக்குக் கீழே மின்விசிறி சுற்றினால் அடுப்புக் காற்றை மேலிருந்து இறக்கிக் கொடுக்கும். பள்ளிக் கட்டடமோ கான்கிரீட் தளம், உயரமான சுவர், இரண்டு பக்கமும் ஜன்னல், வாசலில் வேப்பமரம். வெயிலுக்குப் பயந்து குளிர்ந்த கட்டடத்தைப் பூட்டிவிட்டு, பிள்ளையைக் கொதிக்கிற அறைக்குள் பூட்டிவிட்டுப் போகிறோம். பூட்டி என்பது உவமை இல்லை. எங்கள் சந்திலேயே இரண்டு வீடுகளில் வெளியே தாழ்ப்பாள் போட்டுவிட்டு, பக்கத்து வீட்டு அக்காவிடம் சாவியைக் கொடுத்துவிட்டுத்தான் கம்பெனிக்கு ஓடுகிறார்கள்.

மாடி வீடும் குளிர்சாதனமும் உள்ளவர்களுக்கு வெயில் வாதம் முழுமையாகப் பொருந்தும். அவர்கள்தான் அதை அதிகம் சொல்கிறார்கள் என்பதையும் கவனித்தேன்.

22 ஏப்ரல்

கைப்பேசியைப் பற்றி எழுதுங்கள் என்கிறார்கள். எழுத என்ன இருக்கிறது? வீட்டில் ஆள் இல்லை, வெளியே விட இடமில்லை, கையில் கைப்பேசி இருக்கிறது. பிள்ளை வேறு என்ன செய்யும்?

26 ஏப்ரல்

பெரியவனுக்கும் விடுமுறை தொடங்கிவிட்டது. இருவரையும் கோவில்பட்டிக்கு அனுப்பப் போகிறோம், மாமியார் வீட்டுக்கு. கணவர் கூட்டிக்கொண்டு போய் விட்டுவிட்டு மறுநாளே திரும்புவார். நாகர்கோவில் போகிற இரவு ரயிலில் டிக்கெட் இல்லை. ரயில்வேயின் முன்பதிவுக் காலத்தை 120 நாளிலிருந்து 60 நாளாகக் குறைத்தது சென்ற நவம்பரில். அப்போது நல்லது என்றுதான் நினைத்தேன். ஆனால் பள்ளித் தேர்வு என்றைக்கு முடியும் என்று அட்டவணை வருவதற்குள் அந்த 60 நாளில் பாதி கரைந்து, படுக்கை எல்லாம் காத்திருப்போர் பட்டியலுக்குப் போய்விடுகிறது. மதுரை வரை பஸ், அங்கிருந்து இன்னொரு பஸ்.

தாராபுரத்து நண்பருக்கு: கூட்டுக் குடும்பம் போய்விட்டது என்றீர்கள். போகவில்லை. மே மாதத்துக்கு மட்டும் உயிர் பெறுகிறது. திருப்பூருக்குப் பிழைக்க வந்த பாதிப் பேர் தேனி, திண்டுக்கல், மதுரை, நெல்லைப் பக்கத்துக்காரர்கள். ஏப்ரல் கடைசியில் இந்த ஊரின் பிள்ளைகள் பஸ் பஸ்ஸாகத் தெற்கே போகிறார்கள். இங்கே அம்மா அப்பா ஒன்றரை ஷிப்ட் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். இந்தத் தொழில் மே மாதத்தில் நிற்காமல் ஓடுவதற்கு அறுபத்தைந்து வயதுப் பாட்டிகள் எங்கேயோ கிராமத்தில் சோறு வடித்துக்கொண்டிருக்கிறார்கள். எந்த ஏற்றுமதிக் கணக்கிலும் அந்தச் செலவை நான் எழுதியதில்லை. எழுத எந்தப் பத்தியும் இல்லை.

27 ஏப்ரல்

மேலே எழுதியதை மாமியாருக்குத் தொலைபேசியில் படித்துக் காட்டினேன். "சோறு வடிப்பதைவிடப் பெரிய வேலை சண்டையை விலக்குவது, அதையும் எழுது" என்றார். எழுதிவிட்டேன், அத்தை. "மூட்டு வலியும்?" என்றார். அதையும்.

மூட்டு வலியைப் பற்றி அவர் முன்பு என்னிடம் சொன்னதே இல்லை. விடுமுறை நீளமா என்ற கேள்வியை நாம் பெற்றோருக்குள்ளேயே வைத்துக்கொண்டு பேசுகிறோம். கேட்க வேண்டிய ஆள் வேறு.

30 ஏப்ரல்

சாப்பாட்டுக்கு வருகிறேன். இதுவரை யாரும் இதைத் தொடவில்லை.

அரசுப் பள்ளியில் ஐந்தாம் வகுப்பு வரை காலை உணவு இருக்கிறது. 2022 செப்டம்பரில் மதுரையில் தொடங்கி, 2023 ஆகஸ்டில் அரசு தொடக்கப் பள்ளிகள் எல்லாவற்றுக்கும் வந்தது. மதியம் சத்துணவு, 1982இலிருந்து இந்தப் பெயரில், இப்போது முட்டையோடு. ஆக, சின்னவள் வகுப்பில் இருக்கிற பிள்ளைக்கு நாளுக்கு இரண்டு வேளை பள்ளியில் கிடைக்கிறது. ஏப்ரலில் ஒரே நாளில் இரண்டும் நின்றுவிடுகின்றன. என் வீட்டில் அது காலையில் கூடுதலாக அரை மணி நேர வேலை. பக்கத்து வீட்டில், இரண்டு பிள்ளைகளோடு தனியாக இருக்கிற ஒருவருக்கு, அது மளிகைக் கடைப் பற்று நோட்டில் தெரிகிறது. அவருக்கு விடுமுறை நீளமா என்று கேட்டால் நாளைச் சொல்ல மாட்டார், பாக்கியைச் சொல்வார்.

விடுமுறையில் எப்படிச் சோறு போட முடியும் என்று கேட்பவர்களுக்கு: உச்ச நீதிமன்றமே சொல்லியிருக்கிறது. உணவு உரிமை வழக்கில் 2004 ஏப்ரலில் வந்த உத்தரவு, வறட்சி பாதித்த பகுதிகளில் கோடை விடுமுறையிலும் பள்ளியில் மதிய உணவு வழங்க வேண்டும் என்கிறது. அதாவது விடுமுறை வேறு, பள்ளி மூடுவது வேறு என்று நாட்டின் மிகப் பெரிய நீதிமன்றத்துக்கு இருபது ஆண்டுக்கு முன்பே தோன்றியிருக்கிறது. பாடம் நடத்தாமல் அடுப்பு மட்டும் எரியலாம்.

இதுதான் நான் சொல்ல வருவது. நாளைக் குறைக்காதீர்கள். கதவைத் திறந்து வையுங்கள்.

1 மே

"கதவைத் திறந்து வைத்தால் அது பள்ளிதானே, விடுமுறை எங்கே?" என்று கேட்டிருக்கிறார் ஒருவர். விளக்குகிறேன். காலை எட்டரை முதல் மதியம் ஒன்றரை வரை. வருகைப் பதிவு கிடையாது, சீருடை கிடையாது, கரும்பலகையில் யாரும் சாக்பீசால் எதையும் எழுதக் கூடாது. மரத்தடி, கேரம் பலகை, நூலக அலமாரி, கழிப்பறை, குடிநீர், மதியச் சோறு. வர விரும்புகிற பிள்ளை வரும். ஊருக்குப் போகிற பிள்ளை போகும். பார்த்துக்கொள்ள இரண்டு பேர், சம்பளத்துக்கு. இல்லம் தேடிக் கல்வி 2021இல் வந்தபோது படித்த பெண்கள் தெருத்தெருவாகத் தன்னார்வலராகச் சேர்ந்தார்கள். ஆள் கிடைக்காமல் போகாது.

மாவட்ட விளையாட்டரங்குகளில் ஏப்ரல் கடைசியிலிருந்து கோடைக்காலப் பயிற்சி முகாம் நடக்கிறதே என்கிறார் இன்னொருவர். நடக்கிறது, நல்ல முகாம். காலையில் கொஞ்ச நேரம், மாலையில் கொஞ்ச நேரம். அந்த நேரத்தில் கொண்டுபோய் விட்டுக் கூட்டிவர வீட்டில் ஒரு ஆள் இருக்க வேண்டும். ஆள் இருந்தால் நான் ஏன் இங்கே எழுதிக்கொண்டிருக்கிறேன்?

4 மே

இன்று கத்திரி தொடக்கம். திருப்பூரில் மழை வரும்போல இருட்டிக்கொண்டிருக்கிறது. வெயில் கட்சிக்காரர்கள் இன்று யாரும் எழுதவில்லை.

9 மே

நேற்று பிளஸ் டூ முடிவு வந்தது. எங்கள் கம்பெனி தையல்காரர் ஒருவரின் மகள் நல்ல மதிப்பெண். இனிப்பு கொடுத்தார்கள். அதைச் சாப்பிட்டுக்கொண்டே யோசித்த ஒன்றை எழுதுகிறேன், இனிப்பான செய்தி இல்லை.

அந்த மகளின் அண்ணன் பிளஸ் டூ எழுதவே இல்லை. ஒன்பதாம் வகுப்பு விடுமுறையில் வீட்டில் சும்மா இருக்கிறானே என்று தெரிந்தவர் ஒருவரின் பட்டறைக்கு அனுப்பினார்கள். பிசிறு வெட்டுகிற வேலை. சனிக்கிழமை கையில் சம்பளம். ஜூனில் பள்ளி திறந்தபோது அவன் திரும்பிப் போகவில்லை. வீட்டில் யாரும் படிப்பை நிறுத்தச் சொல்லவில்லை. சண்டையும் இல்லை. ஒரு வாரம் கழித்துப் போகிறேன் என்றான், பிறகு இன்னொரு வாரம்.

குழந்தைத் தொழிலாளர் சட்டத்தை 2016இல் திருத்தினார்கள். பதினான்கு வயதுக்குக் கீழ் எங்கேயும் வேலைக்கு வைக்கக் கூடாது. ஆனால் சொந்தக் குடும்பத் தொழிலில், அபாயமில்லாத வேலையில், பள்ளி நேரத்துக்குப் பிறகோ விடுமுறையிலோ உதவலாம். விடுமுறை என்ற சொல் சட்டத்திலேயே இருக்கிறது. வீட்டிலேயே நான்கு தையல் இயந்திரம் போட்டு ஜாப் ஒர்க் எடுக்கிற ஊர் இது. எது குடும்ப உதவி, எது வேலை என்று கோடு போடுவது எளிதல்ல. பட்டன் கட்டுகிற பிள்ளை அம்மாவுக்கு உதவுகிறது என்றும் சொல்லலாம், ஒரு டஜனுக்கு இவ்வளவு என்று எண்ணிக்கொண்டிருக்கிறது என்றும் சொல்லலாம். இரண்டும் ஒரே நேரத்தில் உண்மையாக இருக்கும்.

விடுமுறையைக் குறைக்கச் சொல்பவர்களின் வாதங்களில் என்னை அசைத்தது இது ஒன்றுதான், அதையும் நானே எழுத வேண்டியிருக்கிறது. மாதக் கணக்கில் நீளும்போது கூலி பழகிவிடுகிறது. பத்து நாளில் பழகாது. இதற்கு என்னிடம் முழுப் பதில் இல்லை. திறந்திருக்கிற பள்ளி ஓரளவுக்கு உதவும், ஆனால் பதினைந்து வயதுப் பையன் கேரம் விளையாட வர மாட்டான்.

10 மே

பட்டறை பெயரைக் கேட்டு மூன்று பேர் எழுதியிருக்கிறீர்கள். சொல்ல மாட்டேன். பையனுக்கு இப்போது பத்தொன்பது வயது, நல்ல டெய்லர், தங்கை படிப்புக்குப் பணம் கட்டியவன். அவன் கதையை வைத்து யாரையும் அடிக்க எனக்கு விருப்பமில்லை.

14 மே

ஞாயிறோடு சேர்த்து விடுப்பு எடுத்துக் கோவில்பட்டி போனேன். போகிற வழியில் மதுரை திருவிழாக் கூட்டத்தில் மாட்டிக்கொண்டேன். திங்கட்கிழமை விடியலில் அழகர் ஆற்றில் இறங்குகிறார், ஞாயிற்றுக்கிழமை மாலை நான் மாட்டுத்தாவணியில் பஸ் தேடுகிறேன். யார் சொல்லியும் கேட்காமல் கிளம்பியது நான்தான், அழகரைக் குறை சொல்வதற்கில்லை.

பிள்ளைகள் கறுத்து, மெலிந்து, நன்றாக இருக்கிறார்கள். பெரியவன் கிணற்றில் நீந்துகிறான். அதைப் பார்த்ததும் எனக்கு வயிற்றைக் கலக்கியது. ஒவ்வொரு மே மாதமும் செய்தித்தாளில் கிணறு, குட்டை, கல்குவாரிக் குழி என்று பிள்ளைகள் மூழ்கிய செய்தி வராத வாரம் இல்லை. மாமனார் கரையில் உட்கார்ந்து, இடுப்பில் கயிறு கட்டி, சுரைக்குடுக்கை மாட்டி, படிப்படியாகத்தான் விட்டிருக்கிறார். "நீச்சல் தெரியாதவன்தான் மூழ்குவான்" என்றார். பாதி உண்மை. ஆனாலும் திருப்பூரில் நொய்யல் ஓடுகிற நிறத்துக்கு அங்கே யாரும் பிள்ளைக்கு நீச்சல் சொல்லிக்கொடுக்கப் போவதில்லை.

சின்னவள் நுங்கு வண்டி செய்து வைத்திருக்கிறாள். மாமியாரோடு வடகம் பிழிந்து, காக்கை விரட்டி, அதற்குக் கூலியாக ஈர வடகத்தை வழித்துத் தின்றிருக்கிறாள். ஆடு எப்போது குட்டி போடும் என்று எனக்கு விளக்கினாள். ஏப்ரலில் இதே பெண் தேர்வுத் தாளில் பெயர் எழுதவே அழுதவள். இந்த மாற்றம் வர முதல் பத்து நாள் போதாது. முதல் பத்து நாள் கைப்பேசி கேட்டு அழுதாளாம், அத்தை சொன்னார். பிறகுதான் ஆட்டைப் பார்த்திருக்கிறாள். நீளத்துக்கு நான் வாதாடுவது இதனால்தான். தாராபுரத்து நண்பர் கேட்கிற ஒரு மாதத்தில் முதல் பகுதி ஏக்கத்தில் போகும், கடைசிப் பகுதி நோட்டு அட்டை போடுவதில் போகும்.

15 மே

"கோவில்பட்டியில் கிணறும் ஆடும் பாட்டியும் இருப்பவர்கள் பேசுகிறார்கள்" என்று சுருக்கமாக ஒரு பதில் வந்திருக்கிறது. நியாயம். ஊர் இல்லாதவர்கள் இருக்கிறார்கள். இங்கேயே பிறந்து வளர்ந்தவர்கள், ஊரோடு உறவு அறுந்தவர்கள், பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வந்து இங்கே குடும்பமாக இருப்பவர்கள். அவர்கள் ஊருக்குப் போய்வர ரயிலிலேயே நாட்கள் போகும், கூலியும் போகும். என் பிள்ளைக்குக் கிடைத்த மே மாதம் லைன் வீட்டுப் பிள்ளைக்குக் கிடைத்த மே மாதம் இல்லை. இரண்டுக்கும் நாட்காட்டியில் ஒரே நிறம்.

19 மே

ஆசிரியை ஒருவர் நீளமாக, கோபமாக எழுதியிருக்கிறார். சாரம் இதுதான்: "எல்லோரும் பள்ளியைத் திற என்கிறீர்கள். எங்களை யாரும் கேட்கவில்லை. மற்ற அரசு ஊழியர்களுக்குப் போல எங்களுக்கு ஆண்டுக்கு 30 நாள் ஈட்டிய விடுப்பு கிடையாது, கோடை விடுமுறை இருக்கிறது என்பதே காரணம். அதிலும் விடைத்தாள் திருத்தம், மாணவர் சேர்க்கை, பயிற்சி, தேர்தல் வந்தால் அது. எங்கள் பிள்ளைகளுக்கும் அம்மா வேண்டும்."

அம்மா, நான் ஆசிரியர்களை வரச் சொல்லவே இல்லை. கட்டடத்தைத்தான் கேட்கிறேன். 1 மே குறிப்பைப் பாருங்கள். உங்கள் விடுமுறையில் ஒரு நாளும் குறையக் கூடாது என்பது என் வாதத்துக்கும் தேவை, ஏனென்றால் ஆசிரியர் வந்துவிட்டால் பாடமும் வந்துவிடும். தனியார் பள்ளிகளில் பத்தாம் வகுப்புக்கும் பன்னிரண்டாம் வகுப்புக்கும் சிறப்பு வகுப்பு நடத்தக் கூடாது என்று ஆண்டுதோறும் சுற்றறிக்கை வருகிறது, ஆண்டுதோறும் நடக்கிறது. அந்தப் பிள்ளைகளுக்கு விடுமுறையே இல்லை.

நாள் கணக்கு பற்றி: கல்வி உரிமைச் சட்டம் ஐந்தாம் வகுப்பு வரை ஆண்டுக்கு 200 வேலை நாள், ஆறு முதல் எட்டு வரை 220 நாள் கேட்கிறது. 365இல் 220 போனால் மிச்சம் 145. அதில் ஞாயிறு மட்டும் 52. சனி பாதியாவது போகும். மீதியைக் காலாண்டு, அரையாண்டு, பண்டிகை, கோடை என்று பங்கு போட வேண்டும். ஆகவே கோடையில் வெட்டினால் அந்த நாட்கள் வேறெங்காவது விடுமுறையாகப் போக வழி உண்டு. அங்கேதான் எனக்கு இரண்டாவது யோசனை.

19 மே, இரவு

அந்த யோசனை. திருப்பூர் எப்போது மூடுகிறது? மே மாதத்தில் இல்லை. தீபாவளிக்கும் பொங்கலுக்கும்தான். கம்பெனிகள் ஒரு வாரம், பத்து நாள் சாத்திவிடும். போனஸ் வாங்கிக்கொண்டு ஊரே காலியாகும். பெற்றோர் இருவரும் பிள்ளையோடு ஒரே வீட்டில் பகலில் இருப்பது ஆண்டில் அப்போதுதான். ஆனால் பள்ளி தீபாவளி முடிந்த ஓரிரு நாளில் திறந்துவிடும். ஊருக்குப் போன குடும்பம் திரும்பாது. வகுப்பில் பாதிப் பெஞ்சு காலியாக இருக்கும்.

கோடையிலிருந்து ஏழெட்டு நாளை எடுத்து அந்த இரண்டு பண்டிகைக்கும் இங்கே பிரித்துக் கொடுத்தால்? தேர்த் திருவிழாவுக்கு ஆட்சியர் உள்ளூர் விடுமுறை விட்டு, இன்னொரு சனிக்கிழமையை வேலை நாளாக்குகிற வழக்கம் ஏற்கெனவே இருக்கிறது. ஊருக்கு ஊர் மாற்ற முடியும் என்பதற்கு அதுவே சாட்சி. சிவகாசிக்கு வேறு கணக்கு வரும், டெல்டாவில் அறுவடையை ஒட்டி வேறு கணக்கு வரும்.

இது "குறைக்கவும் கூடாது" என்று 18ஆம் தேதி எழுதியதற்கு முரணா என்று கேட்கப் போகிறீர்கள். ஆண்டுக் கூட்டலில் ஒரு நாளும் குறையவில்லை. கணக்குப் பிரிவு.

22 மே

இங்கிலாந்தில் இருக்கிற சித்தி மகள் இதைப் படித்துவிட்டு அழைத்தாள். அங்கே கோடை விடுமுறை ஆறு வாரம்தான், ஜூலை கடைசியிலிருந்து செப்டம்பர் தொடக்கம் வரை. அதற்கே நீளம் என்று அங்கும் புலம்புகிறார்களாம். பகல் நேரப் பிள்ளை முகாமுக்குக் கட்டுகிற பணம் அவள் சம்பளத்தில் பெரும்பங்கு. டிக்கெட் மலிவாக இருக்கிறதே என்று பள்ளி நாளில் பிள்ளையை ஊருக்குக் கூட்டி வந்தால், ஐந்து நாளைத் தொட்டதும் பெற்றோர் ஒவ்வொருவருக்கும் பிள்ளைக்கு 80 பவுண்டு அபராதம். பொங்கலுக்கு அவள் வராத காரணம் இப்போதுதான் புரிந்தது. நான் வேறு என்னென்னவோ நினைத்திருந்தேன்.

26 மே

மழை. தென்மேற்குப் பருவமழை 24ஆம் தேதியே கேரளத்தில் இறங்கிவிட்டது, ஜூன் 1 என்று எழுதி வைத்த பாடப்புத்தகத்துக்கு ஒரு வாரம் முன்னால். நீலகிரிக்கும் கோவைக்கும் சிவப்பு எச்சரிக்கை. எங்கள் மேலாளர் குடும்பம் ஊட்டிக்கு இ-பாஸ் வாங்கி, வார நாளில் 6,000 வண்டி என்ற வரம்புக்குள் இடம் பிடித்துப் போய், விடுதி ஜன்னல் வழியாக மழை பார்த்துவிட்டுத் திரும்பியிருக்கிறது. "திருப்பூரிலேயே இருந்திருந்தால் இலவசமாகக் குளிர்ந்திருக்கும்" என்றார்.

வெயிலுக்காக நாள் குறித்தால் வெயில் அந்த நாளில் வருவதில்லை. 2023இல் ஜூன் நடுவிலும் எரிந்தது, இந்த ஆண்டு மே கடைசியிலேயே குடை. திறக்கிற தேதியை ஆண்டுக்கு ஆண்டு தள்ளுவதில் எனக்குக் குறையில்லை. வேலைக்குப் போகிறவருக்கு இரண்டு வாரம் முன்னால் தெரிந்தால் போதும்.

2 ஜூன்

பள்ளி திறந்தது. புத்தகமும் நோட்டும் முதல் நாளே கொடுத்துவிட்டார்கள். செக்கிங் பிரிவில் இன்று எல்லோரும் நேரத்துக்கு வந்தார்கள். அதை நான் வருகைப் பதிவேட்டில் பார்த்தேன், பெருமூச்சு சத்தம் கேட்கவில்லை.

3 ஆகஸ்ட்

இந்த இழை முடிந்தது என்று நினைத்தேன். கேரளத்தில் மறுபடியும் கிளப்பிவிட்டார்கள். அங்கே கல்வி அமைச்சர் சிவன்குட்டி, ஏப்ரல் மே விடுமுறையை மழைக்காலமான ஜூன் ஜூலைக்கு மாற்றினால் என்ன என்று பொதுவில் கருத்து கேட்டிருக்கிறார். மழையால் பள்ளிக்கு விடுமுறை விட்டு விட்டு அங்கே பாடம் நின்றுபோகிறது, அதனால் இந்தக் கேள்வி. நம் பக்கம் அது பொருந்தாது. திருப்பூருக்குப் பெருமழை வருவதே அக்டோபரிலிருந்துதான். ஆனால் ஓர் அமைச்சர் மக்களைப் பார்த்து "உங்களுக்கு எப்போது வசதி?" என்று கேட்கலாம் என்பதே எனக்குப் புதிது.

அந்தத் தைரியத்தில் வெள்ளிக்கிழமை பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் பேசிவிட்டேன். சட்டப்படி அந்தக் குழுவில் முக்கால் பங்கு பெற்றோர், பாதிப் பேர் பெண்கள். இதுவரை நாங்கள் கழிப்பறைக் கதவைத் தவிர வேறெதையும் பேசியதில்லை. அடுத்த மே மாதம் பள்ளி வளாகத்தை மதியம் வரை திறந்து வைக்க வேண்டும், சத்துணவுக் கூடத்தை இயக்க மேலிடத்தைக் கேட்க வேண்டும் என்று சொன்னேன். அம்மாக்கள் கை தூக்கினார்கள். தலைமை ஆசிரியை எதிர்க்கவில்லை. மூன்று கேள்வி கேட்டார். சாவி யாரிடம்? பிள்ளை விழுந்து கையை உடைத்தால் பதில் யார் சொல்வது? காவலாளியே இல்லாத பள்ளியில் மதியம் பூட்டுவது யார்?

சாவிக்கு இரண்டு பேர் முன்வந்தார்கள். மூன்றாவது கேள்விக்கு ஓய்வு பெற்ற மில் தொழிலாளி ஒருவர், பேத்தி அங்கே படிக்கிறாள், தான் பூட்டுவதாகச் சொன்னார். நடுக் கேள்விக்கு யாரும் வாய் திறக்கவில்லை. அதை மட்டும் எழுத்தில் வட்டாரக் கல்வி அலுவலரிடம் கேட்பது என்று தீர்மான நோட்டில் ஏறியிருக்கிறது. கடிதத்தை எழுதும் வேலை என் தலையில். தாராபுரத்து நண்பரே, உங்கள் பள்ளிக் குழுவிலும் கேட்டுப் பாருங்கள். இரண்டு கடிதம் போனால் பதில் வர வாய்ப்பு கூடும். என் வரைவு வேண்டுமானால் அனுப்புகிறேன், "பொருள்" என்ற இடத்தில் என்ன எழுதுவது என்று மட்டும் இன்னும் முடிவாகவில்லை.